‘நூறு வீத’ டிராகனைட் விற்கிறார்கள், கவனம்

திருகோணமலையில் போகிமான் கோ (வெளியில் நடந்து போகிமான் என்னும் கற்பனை உயிரிகளைப் பிடிக்கும் போன் விளையாட்டு) விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். என் அக்காவின் மகனிடம் இரண்டு தடவையாக 9,500 ரூபா வாங்கிவிட்டார்கள். காசு போனது ஒரு பக்கம், அதோடு அக்காவின் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் மூன்று நாள் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்பவும் நெஞ்சு பதறுகிறது.

மருமகனுக்கு 14 வயது. நானும் அவனும் பின்னேரங்களில் டச் பே கடற்கரையிலிருந்து கோட்டை வாசல் வரை நடந்து விளையாடுவோம், மான்கள் படுத்திருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு உவர்மலைக்குத் திரும்புவோம். இரண்டு வருடமாக அவன் சேர்த்த ஸ்டார்டஸ்ட் (போகிமானைப் பலப்படுத்தச் செலவாகும் விளையாட்டுப் புள்ளிகள்) எல்லாம் அப்படி நடந்து நடந்து சேர்த்ததுதான். மாஸ்டர் லீக் என்ற சண்டைப் போட்டியில் இறக்க அவனுக்கு நூறு வீத டிராகனைட் ஒன்று, அதாவது எண்கள் எல்லாம் முழுதாக உள்ள அந்த இனப் போகிமான், வேண்டும் என்று ஆசை. ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அதை 6,000 ரூபாவுக்குத் தருவதாகப் போட்டிருந்தார். சித்திரை வருடப்பிறப்புக்கு எல்லோரும் கொடுத்த கைவிசேடக் காசை அப்படியே எடுத்து வைத்திருந்தான். என்னிடம் கேட்டபோது நானும் சரி என்றுதான் சொன்னேன், அந்தப் பிழை என்னுடையது.

அவர் ஒரு கிழமை முன்னதாகவே விளையாட்டில் நண்பராகச் சேர்ந்து தினமும் பரிசு அனுப்பச் சொன்னார். ஏழு நாள் முடிய, கடற்கரையில் சந்தித்தோம். 25 வயது மதிக்கத்தக்க தம்பி, மரியாதையாகக் கதைத்தார். தன் போனைத் திருப்பிக் காட்டினார்: டிராகனைட், சிபி (மொத்தப் பலத்தைக் காட்டும் எண்) 3251, தாக்குதல், தற்காப்பு, எச்பி (உயிர்ப்பலம்) மூன்று கோடுகளும் முழுவதும் சிவந்து நிரம்பி இருந்தன. மருமகன் அதைப் பார்த்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். காசைக் கொடுத்தோம், அவன் பிட்ஜி என்ற சாதாரண போகிமான் ஒன்றைக் கொடுத்து ட்ரேட் (பரிமாற்றம்) செய்தான், இரண்டு போனும் மின்னி முடிந்தது. வந்தது டிராகனைட்தான். சிபி 2987. திறந்து அப்ரைஸ் (விளையாட்டே காட்டும் மதிப்பீடு) பார்த்தால் தாக்குதல் 4, தற்காப்பு 9, எச்பி 2. 45-க்கு 15, ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

இது ஏன் இப்படி ஆனது என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு போகிமானுக்கும் அதன் இனத்துக்குரிய அடிப்படை எண்கள் இருக்கும், அவை யாரிடம் இருந்தாலும் ஒன்றுதான். டிராகனைட்டின் அடிப்படைத் தாக்குதல் 263. அதற்கு மேல் அந்தத் தனி உயிரிக்கு மட்டும் உரிய மூன்று எண்கள் உண்டு, 0 முதல் 15 வரை, இவைதான் ஐவி. மூன்றும் 15 ஆக இருந்தால் நூறு வீதம், ஹண்டோ என்று பெடியள் சொல்வது. பிடிக்கும்போதே அந்த மூன்றும் தீர்மானமாகிவிடும். ஆனால் ட்ரேட் செய்யும்போது விளையாட்டு அந்த மூன்று எண்களையும் அழித்துவிட்டுப் புதிதாகக் குலுக்கிப் போடும். கொடுத்தவரிடம் எவ்வளவு இருந்தது என்பதற்கும் வாங்கியவருக்கு எவ்வளவு வரும் என்பதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆக, ‘ட்ரேட்டில் நூறு வீதம் தருகிறேன்’ என்று எவராவது உறுதி சொன்னால் அது பச்சைப் பொய்.

நட்பின் அளவைப் பொறுத்து ஆகக் குறைந்த எண் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். ஏழு நாள் நட்பில் ஒவ்வொன்றும் குறைந்தது 2, தொண்ணூறு நாள் நட்பில் குறைந்தது 5. அந்தத் தொண்ணூறு நாள் நட்பிலும் ஹண்டோ வர 1331-இல் ஒரு வாய்ப்பு. எப்போதாவது அமையும் லக்கி ட்ரேட் ஆனால் மூன்றும் குறைந்தது 12 வரும், அப்போதும் 64-இல் ஒன்றுதான். எங்களுடைய ஏழு நாள் நட்புக்கு 2744-இல் ஒன்று. அந்தத் தம்பிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது, ஏனென்றால் ட்ரேட்டை உறுதி செய்வதற்கு முந்தைய திரையிலேயே வரப்போகிற போகிமானின் சிபி எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை இருக்கலாம் என்று இரண்டு எண்கள் காட்டும். அன்று அந்தத் திரை வந்தவுடன் “தம்பி, கெதியா அழுத்து, நெட் போயிடும்” என்று அவசரப்படுத்தினார். மருமகன் அழுத்திவிட்டான். அந்தத் திரையில் ஒரு வீச்சைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

நான் கேட்டேன், இது நீங்கள் காட்டியது இல்லையே என்று. “அண்ணா, ட்ரேட்டில கொஞ்சம் இறங்கும், ட்ரெயின் பண்ணினா கோடு நிரம்பிடும்” என்றார். எனக்கு அது பொய் என்று அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் விளங்கியது. ஸ்டார்டஸ்ட்டும் கேண்டியும் போட்டுப் பவர் அப் செய்தால் போகிமானின் லெவல் ஏறும், லெவலோடு சிபி ஏறும். அந்த மூன்று கோடுகளும் ஒரு புள்ளிகூட அசையாது. நான் படித்து முடிப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது. எனக்குச் சொன்னால் ஏசுவேன் என்று பயந்து மருமகன் அவரோடு தனியாகக் கதைத்திருக்கிறான். “கணக்கை மூன்று நாளைக்குத் தா, நான் ட்ரெயின் பண்ணித் தாறேன், 3,500” என்று சொல்லியிருக்கிறார். தன் உண்டியலை உடைத்துக் கொடுத்திருக்கிறான்.

மூன்று நாளில் என்ன செய்திருந்தார் தெரியுமா? அந்த நட்சத்திரமே இல்லாத டிராகனைட்டை லெவல் 30-இலிருந்து 40-க்கு ஏற்றியிருந்தார். அதற்கு மட்டும் 1,50,000 ஸ்டார்டஸ்ட் போகும். லெவல் 1-இலிருந்து 40 வரை ஏற்றவே மொத்தம் 2,70,000தான், அதில் பாதிக்கு மேல் இந்தக் கடைசிப் பத்து லெவலில் கரைந்துவிடும். சிபி 3485 ஆனது, மருமகனுக்கும் முதலில் சந்தோஷம். உள்ளே போய்ப் பார்த்தால் அதே 4, 9, 2. உண்மையான ஹண்டோ லெவல் 40-இல் 3792 இருக்கும்.

அதைவிட என்னால் தாங்க முடியாதது அவனுடைய அஸுமரில் என்ற இன்னொரு போகிமானுக்கு நடந்தது. கிரேட் லீக் என்ற போட்டியில் 1500 சிபிக்கு மேல் போன எதையும் இறக்க முடியாது. அதனால் அந்த லீக்குக்குத் தாக்குதல் குறைவாகவும் மற்ற இரண்டும் கூடவும் இருப்பதுதான் பெரும்பாலான போகிமான்களுக்கு நல்லது. சிபி கணக்கில் தாக்குதல் முழுதாகப் பெருக்கப்படும், தற்காப்பும் எச்பியும் வர்க்கமூலமாகத்தான் சேரும், ஆகவே தாக்குதலைக் குறைத்தால் அதே 1500-க்குள் உடம்பை இன்னும் பலமாக்கலாம். மருமகன் இதையெல்லாம் தானாகவே படித்து, 3, 14, 15 உள்ள ஒரு அஸுமரிலைத் தேடி வைத்து, லெவல் 40-க்கு மேல் ஏற்றத் தேவையான எக்ஸ்எல் கேண்டிக்காக மாதக்கணக்கில் அதைக் கூடவே நடக்கவிட்டு, 1497-இல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அதற்கு மேல் ஒரு அழுத்தம்கூடக் கூடாது என்று எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறான். அந்தத் தம்பி ஒரு அழுத்தம் அழுத்தியிருக்கிறார். 1507. ஏற்றிய சிபியை இறக்க இந்த விளையாட்டில் வழி கிடையாது. அன்று இரவு பிள்ளை சாப்பிடவில்லை, அக்கா புட்டும் மீன்குழம்பும் போட்டு வைத்தது அப்படியே இருந்தது.

இனி பெரியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். அவன் விளையாட்டுக்குள் போவது அக்காவின் கூகுள் கணக்கு வழியாக. ‘கணக்கைத் தா’ என்று அவர் கேட்டது அந்தக் கடவுச்சொல்லையும், அக்காவின் போனுக்கு வந்த உறுதிப்படுத்தும் எண்ணையும்தான். பிள்ளைக்கு அது விளையாட்டின் சாவி. கொடுத்தது அம்மாவின் மின்னஞ்சல், குடும்பப் படங்கள், தொடர்பு எண்கள் எல்லாவற்றின் சாவியும். நாங்கள் கண்டுபிடித்தவுடன் கடவுச்சொல்லை மாற்றி, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ என்று இருப்பதைத் திறந்தோம். எங்களுடையது இல்லாத ஒரு போன் அங்கே இருந்தது. அதை வெளியேற்றிவிட்டு, மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தோம். உங்கள் பிள்ளை யாரிடமாவது கணக்கைக் கொடுத்திருந்தால் இதை இன்றைக்கே செய்யுங்கள், பிள்ளையை ஏசிக்கொண்டிருக்க நேரம் எடுக்காதீர்கள். ஏசுவார்கள் என்ற பயத்தில்தான் எங்கள் பிள்ளையும் மறைத்தான்.

காசுக்குப் போகிமான் வாங்குவதும், கணக்கை இன்னொருவருக்குக் கொடுப்பதும் விளையாட்டின் விதிகளுக்கே எதிரானது, கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கலாம். அதனால் விளையாட்டு நிறுவனத்திடம் போய் நியாயம் கேட்கவும் எங்களுக்கு இடமில்லை, இதையும் தெரிந்துகொண்டுதான் விற்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் அவருக்கு நான்கு தடவை எடுத்தேன். முதல் தடவை “பாத்துச் சொல்றேன் அண்ணா” என்றார், அதற்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

ஹண்டோ வேண்டும் என்று ஏங்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. டிராகனைட்டின் தாக்குதல் 263-உடன் 15 சேர்ந்தால் 278, ஒன்றுமே சேராவிட்டாலும் 263. ஆறு வீதம்கூட வித்தியாசம் இல்லை. ரெய்டுக்கு (பலர் சேர்ந்து ஒரு பெரிய போகிமானோடு மோதும் சண்டை) மூன்று நட்சத்திரம் தாராளமாகப் போதும். நூறு வீதம்தான் வேண்டுமென்றால் ரெய்டிலும் முட்டையிலும் வருபவை மூன்றும் குறைந்தது 10 உள்ளவை, அதில் 216-இல் ஒன்று ஹண்டோ. வெளியில் நடக்கும்போது சாதாரணமாகப் பிடித்தால் 4096-இல் ஒன்று. காசு கொடுத்து வாங்கிய ட்ரேட்டைவிட நடந்து பொரிக்கும் முட்டைக்கு எத்தனை மடங்கு வாய்ப்பு என்று பாருங்கள்.

மருமகன் இப்போது வேறொரு அஸுமரில் வளர்க்கிறான், 1, 15, 13. இன்னும் எக்ஸ்எல் கேண்டி நிறைய வேண்டும், நாங்கள் இப்போது உப்புவெளி வரைக்கும் நடக்கிறோம். போன கிழமை இன்னொரு குழுவில் வேறு பெயரில் ஒரு விளம்பரம் வந்தது, ‘ஹண்டோ டிராகனைட், ட்ரேட், திருகோணமலை டவுன், 7,500’. கூட ஒரு படம். சிபி 3251, மூன்று சிவப்புக் கோடு, மேலே பேட்டரி 41 வீதம், எங்களுக்கு முதலில் அனுப்பிய அதே படம். அந்தப் படத்தில் இருக்கும் டிராகனைட் இப்போது என் மருமகனிடம் இருக்கிறது, 4, 9, 2 ஆக. ஒருமுறை ட்ரேட் ஆனதை விளையாட்டு மறுபடி ட்ரேட் செய்ய விடாது. அந்தப் படம் உங்களுக்கு வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.