துபாயிலிருந்து ஊருக்குப் பேச எது கட்டுப்படியாகிறது?

"அண்ணே, வாட்ஸப்பில மெசேஜ் போகுது, போட்டோ போகுது, கால் மட்டும் ஏன் போக மாட்டேங்குது?" துபாயில் புதிதாக வந்து இறங்குகிற தம்பிகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிற கேள்வி இது. போனில் கோளாறு எதுவும் இல்லை. இந்த நாட்டில் இணையம் வழியாகப் பேசும் சேவை நடத்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத செயலியில் எழுத்தும் படமும் போகும், பேச்சு போகாது. குவைத்தில் இருக்கும் என் மச்சான் வாட்ஸப்பிலேயே ராத்திரி முழுக்கக் கதை பேசுகிறான். அவன் சொல்லும் யோசனை எனக்கு உதவாது, என் யோசனை அவனுக்குத் தேவையில்லை.

நான் 2009இல் இங்கே வந்தவன். மனைவியும் பிள்ளைகளும் பட்டுக்கோட்டையில் இருக்கிறார்கள். அம்மா பேராவூரணிப் பக்கம் கிராமத்தில், பூர்வீக வீட்டை விட்டு வர மாட்டேன் என்று இருக்கிறார். இந்த இரண்டு வீட்டுக்கும் இத்தனை வருஷம் பேசிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது. எது மலிவு என்பதை நம் போன் முடிவு செய்வதில்லை, எதிர்முனையில் எடுக்கிறவர் கையில் என்ன போன் இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

ஆரம்பத்தில் எல்லாம் காலிங் கார்டுதான். பளபளப்பைச் சுரண்டி, நீளமான எண்ணை அடித்து, பேலன்ஸ் எவ்வளவு என்று ஒரு பெண்குரல் சொல்லி முடிப்பதற்குள் அரை நிமிடம் போய்விடும். அதனால் பாதிச் செய்தியை மிஸ்டு காலிலேயே முடித்துக்கொள்வோம். ஒரு ரிங் என்றால் வேலைக்குக் கிளம்பிவிட்டேன், இரண்டு ரிங் என்றால் இன்றைக்கு ராத்திரி பேசுகிறேன், விடாமல் மூன்று தடவை வந்தால் உடனே கூப்பிடு. கட்டணமே இல்லாத சேவை என்று பார்த்தால் இன்றுவரை இதை மிஞ்ச ஆள் இல்லை.

அந்தக் காலத்தில் கடைவீதிகளில் காதோடு காதாக விற்ற மலிவு நிமிடங்களும் உண்டு. அதில் பேசினால் வீட்டில் +971 என்று தொடங்கும் இந்த நாட்டு எண் வராது, ஏதோ ஒரு உள்ளூர் மொபைல் எண் வரும். அழைப்பு இணையம் வழியாக இந்தியா வந்து, அங்கே யாரோ பெட்டி நிறைய சிம் செருகி வைத்து அதை உள்ளூர் அழைப்பாக மாற்றி விடுவதால் வருகிற எண் அது. இந்தியாவில் இது சட்டவிரோதம். போலீஸ் பிடித்த செய்தி இப்போதும் அவ்வப்போது வருகிறது. அதைவிட முக்கியம், தெரியாத எண்ணை எடுக்காதே என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டு, நாமே தினம் ஒரு தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டால் எப்படி எடுப்பார்கள்?

அப்புறம் ஸ்கைப், இமோ என்று வந்தது. தடையைப் பொறுத்து சில நாள் லைன் கிடைக்கும், பல நாள் கிடைக்காது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு ஊர்ப் பக்கத்துக் கதையே மாறிவிட்டது. அதுவரை என் மனைவி நெட் பேக் போட்டு, பேசி முடித்ததும் டேட்டாவை அணைத்து வைப்பாள். அதன் பிறகு அங்கே நெட் தண்ணீர் பட்ட பாடு, இங்கேதான் வாய்ப்பூட்டு. 2018 ஜனவரியில் ஸ்கைப் வேலை செய்யாமல் போன அதே சமயத்தில், இங்கத்தி தொலைபேசி நிறுவனமான எடிசலாட் இணைய அழைப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. மொபைலுக்கு மாதம் 50 திர்ஹாம், வீட்டு இணைப்புக்கு 100 திர்ஹாம், போட்டிம், சிமீ என்ற இரண்டு செயலிகளில் பேசலாம். அன்றைய மதிப்பில் 50 திர்ஹாம் என்றால் 850 ரூபாய்க்கு மேல். அதே பணத்தில் ஊரில் மாதக்கணக்கில் நெட் போடலாம் என்று எல்லாரும் புலம்பினோம்.

புலம்பினாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் கட்டுப்படியாகத்தான் செய்தது. திட்டம் இந்தப் பக்கம் இருந்தால் போதும், ஊரில் இருப்பவர் செயலியை இறக்கி வைத்துக்கொண்டால் அவருக்குத் தனிச் செலவு இல்லை. ரூமில் நாலு பேர் இருந்தால் ஆளுக்கு 50 கட்டாமல் வைஃபைக்கு 100 கட்டிப் பங்கு போட்டால் தலைக்கு 25 திர்ஹாம். பெட் ஸ்பேஸில், அதாவது பல பேர் தங்கும் ரூமில் ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்து, இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் எட்டு பேர் உள்ள ரூமில் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடியோ போட்டால் எல்லார் முகமும் கட்டம் கட்டமாக உடையும். குரல் மட்டும் என்றால் நிமிடத்துக்கு ஒரு எம்பி கூட ஆகாது, அதனால் கூட்டமான நேரத்தில் கேமராவை அணைத்துவிடுவது நல்லது. இந்திய நேரம் இங்கத்தி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாம் டூட்டி முடிந்து குளித்து உட்காரும் ஒன்பது மணிக்கு அங்கே பத்தரை. பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

நம் இணைய முகவரியை மறைத்து வேறு இடத்திலிருந்து வருவதுபோல் காட்டும் விபிஎன் போட்டு வாட்ஸப் கால் பேசலாமே என்று யாராவது ஒருவர் சொல்வார். விபிஎன்னை வைத்து முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் இந்த நாட்டுச் சட்டத்தில் 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் இருக்கிறது. ஊருக்குப் பேசிய கூலி ஆளை அதில் பிடிப்பார்களா என்பது வேறு வாதம். விசாவில் நிற்கிறவன் அந்த வாதத்தை நடத்திப் பார்க்க வேண்டாம். இலவச விபிஎன் நடத்துகிறவன் நம் போனிலிருந்து எதை எடுக்கிறான் என்பதும் யாருக்கும் தெரியாது.

காசு இல்லாமல் ஒழுங்கான வழியும் இப்போது இருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது வீட்டிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் என்று ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், கூகுள் மீட்டைத் திறந்துவிட்டார்கள். 2022இல் எடிசலாட்டே கோசாட் என்று ஒரு இலவசச் செயலி விட்டது. எங்கள் வீட்டில் நிலைத்தது மீட்தான். காரணம் சாதாரணமானது. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, லிங்கை வாட்ஸப்பில் அனுப்பினால் மனைவி தொட்டு உள்ளே வந்துவிடுகிறாள். ஜூமில் இலவசமாகப் பேசினால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், மனைவி வாத்தியார் சொன்ன புகாரைச் சொல்ல ஆரம்பிக்கவே அவ்வளவு நேரமாகும். 2022 ஜனவரியில் இங்கே அரசு வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றினார்கள். எங்கள் கம்பெனியும் ஞாயிறுக்கு மாறியது. எந்தச் செயலி தந்ததையும்விட எங்கள் பேச்சுக்கு இது பெரிய லாபம். அதுவரை எனக்கு லீவு உள்ள வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

அனுமதி பெற்ற செயலிகளில் ஒன்றில் எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. பேச என்று இறக்கியதில் கடன் வேண்டுமா, பணம் அனுப்ப வேண்டுமா என்று நோட்டிஃபிகேஷன் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதை விடுங்கள், நிறையப் பேருக்கு இருக்கும் தொல்லை வேறு: நாம் அடிக்கிறோம், ஊரில் ரிங்கே வருவதில்லை. பிறகு அவர்கள் போனைத் திறந்ததும் பத்து மிஸ்டு கால் மொத்தமாக வந்து விழும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே செயலியைத் தூங்க வைத்துவிடுவதால் வருவது இது. செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லாப் போனிலும் இதைச் செய்துவிட்டு வாருங்கள். இங்கிருந்து போனில் சொல்லிப் புரியவைப்பது நடக்காத காரியம். அப்படியே மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிக் கொடுங்கள். கரண்ட் போனால் மோடமும் அணைந்துவிடும், மனைவி கையில் முழு சார்ஜோடு டச் போன் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இனி அம்மா. ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். வீடியோ கால் வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வார், எனக்குத் தெரிவது ஒரு காதும் சிவப்புக்கல் தோடும்தான். "முகத்துக்கு நேரா புடிம்மா" என்றால், "அப்ப எப்புடிப்பா காது கேக்கும்?" என்று கேட்பார். அந்தப் போன் இப்போது அட்டைப்பெட்டியோடு பீரோவில் இருக்கிறது. அவருக்குப் பட்டன் போன்தான் சரி. அதற்கு நேரடி ஐஎஸ்டி கால்தான், இந்தியாவுக்கு இத்தனை நிமிடம் என்று இருக்கிற மாதப் பேக்கில் ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன்.

இணையத்தில் சும்மா பேசலாமே, இதற்கு எதற்குத் தண்டச்செலவு என்று ரூமில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை கரையேறி எங்கள் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. மின்கம்பங்கள் விழுந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. பட்டுக்கோட்டையில் நெட் இல்லை, மனைவி போனில் சார்ஜ் இல்லை. நான் காசு கட்டி வைத்திருந்த செயலி, இணைக்கிறேன் இணைக்கிறேன் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. டவர் லேசாக உயிர் வந்ததும் முதலில் கிடைத்தது அம்மாவின் பட்டன் போன். அதில் சார்ஜ் நாள் கணக்கில் நிற்கும், ஒற்றைக் கோடு சிக்னலிலும் பேச்சு வரும். "நாங்க நல்லாத்தான் இருக்கோம், மரந்தான் எல்லாம் போச்சு" என்றார். மனைவி பிள்ளைகளைப் பற்றியும் அம்மா மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

பட்டன் போனுக்கும் ஒரு சிக்கல் வந்தது. 2018 கடைசியிலிருந்து குறைந்தபட்ச ரீசார்ஜ் இல்லையென்றால் இன்கமிங்கும் நின்றுவிடும் என்று ஆக்கிவிட்டார்கள். நெட்டே தொடாத அம்மாவுக்கு டேட்டாவும் சேர்த்த பேக்கைப் போட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்ட பிறகு, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் என்று தனிப் பேக் வந்திருக்கிறது, ஒரு வருஷ வேலிடிட்டியிலும் கிடைக்கிறது. பெரியவர்கள் போனுக்கு அதைப் போடுங்கள்.

செயலியில் மட்டும் வருஷக் கணக்கில் முன்பணம் கட்ட வேண்டாம். உலகமே பேசிய ஸ்கைப்பையே 2025 மே 5ஆம் தேதி மூடிவிட்டார்கள். இங்கே விதியும் மாறும், திட்டமும் மாறும். மாதா மாதம் கட்டினால் போதும்.