ஸ்டீல் கிதார் குழவி ஆறாமல் இருக்க: மடியா, வெந்நீரா, அரிசி முடிப்பா?

மதுரையில் இருந்துகொண்டு இரும்பைச் சூடாக்குவது எப்படி என்று ஒருவன் எழுதினால், சித்திரை வெயிலில் மாசி வீதியில் நிறுத்திய பைக்கில் ஏறி உட்கார்ந்து பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். போன ஆவணியில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபம் முழுக்க ஏசி. மேடையில் ஸ்டீல் கிதாரோடு எனக்குக் கிடைத்த இடம் ஏசிக் காற்று நேராக விழும் மூலை. ஒலி சரிபார்த்துவிட்டு ஸ்டூல் மேல் வைத்த டோன் பாரை முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தேன். குச்சி ஐஸைப் பிடித்த மாதிரி இருந்தது. முதல் பாட்டே விளம்பமான பாட்டு, ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்துக் குழைக்க வேண்டியது. விரல் விறைத்துவிட்டதால் குழைவே வரவில்லை. மூன்றாவது பாட்டில் கை சரியாகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் எடுத்த வீடியோவில் இருப்பது முதல் பாட்டுதான்.

இந்த வாத்தியம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீல் கிதாரை மடியில் படுக்க வைத்துக்கொண்டு, இடது கையில் ஓர் உலோக உருளையைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டே போய் வாசிப்போம். அந்த உருளைதான் டோன் பார். முனை உருண்ட தோட்டா வடிவப் பார் என்றால் பொதுவாக 22 மில்லிமீட்டர் குறுக்களவு, எட்டு சென்டிமீட்டர் சொச்சம் நீளம், 200 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலான எடை. பொம்மை அம்மிக்குச் செய்த குழவி மாதிரி இருக்கும். எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர் அதற்குக் குழவி என்றே பெயர் வைத்துவிட்டார். நல்லதாகப் போயிற்று. ‘பாரைத் தேடுகிறேன்’ என்று மேடைக்குப் பின்னால் நின்று சொன்னால் ஊர் என்ன நினைக்கும்?

அந்த வரவேற்புக்குப் பிறகு ஒரு வருடமாகக் கிடைத்த வழிகளையெல்லாம் சோதித்துப் பார்த்தேன். சோதனை என்றால் ஆய்வுக்கூடமெல்லாம் இல்லை. கச்சேரிகள், ஒரு அடுப்பு, சூடு பார்க்க உள்மணிக்கட்டு, அவ்வளவுதான்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். குழவி சூடானால் சுருதி மாறுமா என்று கேட்கிறார்கள். 15 டிகிரி ஏறினாலும் 22 மில்லிமீட்டர் எஃகு விரிவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு அளவுகூடக் கிடையாது. அது காதுக்கு எட்டாது. சூடும் குளிரும் சுருதியை மாற்றுவது தந்திகளில்தான்: சூட்டில் நீண்டு இறங்கும், குளிரில் இறுகி ஏறும். குழவிச் சூடு முழுக்க முழுக்கக் கையின் பிரச்சினை.

கையின் பிரச்சினையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, குளிர்ந்த உலோகம் விரல் சூட்டை உறிஞ்சிக்கொள்வது. எவர்சில்வர் தட்டும் மரப்பலகையும் ஒரே அறையில் ஒரே வெப்பத்தில் கிடந்தாலும் தொட்டால் தட்டுதான் சில்லென்று இருக்கும். பித்தளையில் செய்து குரோமியம் பூசிய பார் என்றால் இன்னும் மோசம். எவர்சில்வரைப் போல ஆறேழு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இரண்டாவது வகையைத்தான் நம் ஊர்க்காரர்கள் கவனிப்பதில்லை: பனிப்பது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட சாயங்காலம் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான் குழவிக்கும் நடக்கும். 20 டிகிரியில் கிடந்த உலோகத்தை ஈரக்காற்று நிறைந்த கோயில் திடலுக்குக் கொண்டுவந்தால் மேலே நீர் பூக்கும். தோட்டா வடிவக் குழவியில் பிடிமானம் என்று ஒன்றும் இல்லை, பெருவிரலும் நடுவிரலும் இரு பக்கமும் தாங்க ஆள்காட்டி விரல் மேலே அழுத்தும். நீர் பூத்தால் அது கைக்குள்ளேயே உருளும். பக்கவாட்டில் பள்ளம் வெட்டிய ஸ்டீவன்ஸ் வகைப் பாருக்கு இந்தத் தொல்லை குறைவு. அதை வைத்திருப்பவர்கள் குளிரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

செலவே இல்லாதது உடம்புச் சூடு. சட்டைப் பையில் போடலாம், கக்கத்தில் இடுக்கலாம், வேட்டி கட்டியிருந்தால் மடியில் செருகலாம். கக்கம் வேண்டவே வேண்டாம். பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், ஆனால் வியர்வையும் கூட வரும். குரோமியப் பூச்சில் எங்காவது கீறல் இருந்தால் வியர்வை உப்பு அங்கே உட்கார்ந்து அரிக்கும், பிறகு அந்தப் புள்ளி தந்தியில் உரசும் சத்தம் மைக்கில் கேட்கும். சட்டைப் பையில் 200 கிராம் தொங்கினால் சட்டை ஒரு பக்கம் இழுக்கிறது. மிஞ்சுவது மடி. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கிடந்த பயம், எழுந்திருக்கும்போது நழுவிக் காலில் விழுந்துவிடுமோ என்பதுதான். மெல்லிய துணியில் சுற்றிச் செருகினால் நழுவாது, வியர்வையும் படாது. கால் மணி நேரத்தில் கையோடு ஒட்டும் சூடு வந்துவிடும், அதற்கு மேல் ஏறவும் ஏறாது. இந்த வழியின் பெரிய குணமே அதுதான். மற்ற எல்லாவற்றிலும் அதிகமாகிவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வேகத்தில் வெந்நீரை அடிக்க எதுவும் இல்லை. ஒரே எடைக்கு எஃகுக்குத் தேவையான சூடு தண்ணீருக்குத் தேவையானதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு டம்ளர் 50 டிகிரி தண்ணீரில் 20 டிகிரிக் குழவியைப் போட்டால் தண்ணீர் மூன்று டிகிரிதான் இறங்கும், குழவி 47 வரை ஏறிவிடும். தெப்பக்குளம் பக்கம் ஒரு திறந்தவெளிக் கச்சேரிக்கு முன்னால் டீக்கடையில் போய், “மாஸ்டர், ஒரு கிளாஸ் வெந்நீர், குடிக்க இல்லை” என்று கேட்டேன். குழவியை உள்ளே விட்டதைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, வேக வைக்கிறீங்களா?” என்றார். வெந்துதான் போயிற்று. டீக்கடைத் தண்ணீர் கொதிநீர். எடுத்தால் பிடிக்க முடியவில்லை, ஆறட்டும் என்று வைத்தால் அறிவிப்பாளர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். அந்த முதல் பாட்டில் வேறு விதமாகக் கெட்டது: சூடு அதிகமானதால் விரல் வியர்த்து வழுக்கியது. வெந்நீரை நம்புகிறவர்கள் பிளாஸ்கில் வீட்டிலிருந்தே மிதமான சூட்டில் கொண்டுபோவது நல்லது. குழவியின் பின் முனையில் இருக்கும் குழிக்குள் தண்ணீர் தங்கும், அதையும் துடைக்க வேண்டும். ஜிப் வைத்த பாலிதீன் கவரில் போட்டு முக்கினால் அந்த வேலையும் மிச்சம்.

ஒத்தட முறைக்கு நான் தற்செயலாகத்தான் வந்தேன். அத்தை முழங்கால் வலிக்கு உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொள்வார். அந்த முடிப்புக்குள் குழவியை ஒருநாள் சொருகி வைத்தேன். சூடு அருமை. ஆனால் உப்பும் உலோகமும் சேரக் கூடாது என்பது உறைக்க இரண்டு நாள் ஆனது, காற்று ஈரத்தில் துணியே கசிந்திருந்தது. எவர்சில்வரைக்கூட உப்பு புள்ளி புள்ளியாக அரிக்கும். உப்பை எடுத்துவிட்டு அரிசிக்கு மாறினேன். ஒரு ஆழாக்கு அரிசியை வெறும் வாணலியில் நிறம் மாறாமல் வறுத்து, பழைய சுங்குடிச் சேலையில் கிழித்த துண்டில் இரட்டையாக மடித்து முடிந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் சூடு நிற்கும். நடுவில் குழவி. சுங்குடி பல தடவை வெளுத்த பருத்தி என்பதால் பிசிறு ஒட்டாது, எடுக்கும்போது அதே துணியிலேயே ஒரு துடைப்பு. குறை என்று சொன்னால் மேடைக்குப் பக்கத்தில் அடுப்பு கிடைக்க வேண்டும். கல்யாண வீட்டில் அது பிரச்சினையே இல்லை. சமையல்கட்டில் நின்று, “மாஸ்டர், இதைக் கொஞ்சம் வாணலியில புரட்டித் தாங்க” என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆனால் செய்து தருவார்கள்.

மருந்துக் கடை ரப்பர் வெந்நீர்ப் பை இதற்குப் பங்காளி. அரிசி முடிப்பைவிட நேரம் அதிகம் நிற்கும், எடையும் இடமும் அதிகம். மூடி சரியாக இல்லாவிட்டால் கிதார் பெட்டிக்குள் குளம்தான். நான் கிதார் பெட்டிக்குள் தண்ணீரை விடுவதில்லை என்று ஒரு விரதம்.

கிழித்துக் குலுக்கினால் சூடாகும் இரும்புத்தூள் பொட்டலங்கள் ஆன்லைனில் வருகின்றன. இரும்பு காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வெளிவரும் சூடுதான் அது. பல மணி நேரம் தாங்கும். காற்றுப் புகாத டப்பாவில் குழவியோடு போட்டு மூடினால் வேலை செய்யாது, அது நான் காசு கொடுத்துக் கற்றது. ஒரு தடவைக்குத்தான் உதவும் என்பதால் மதுரைக்குள் இதற்குச் செலவழிப்பது வீண்.

ஆம்ப்ளிஃபயர் மேல் வைக்கிறவர்கள் உண்டு. வால்வு ஆம்ப் என்றால் சரி, மேல்பக்கம் நன்றாகச் சுடும். நம் ஊர் மேடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டிரான்சிஸ்டர் ஆம்ப், அதன் தலை சுடாது. ஃபோகஸ் லைட்டடியில் வைப்பதும் அப்படியே. பழைய ஹாலஜன் விளக்கு கிட்டத்தட்ட அடுப்பு, இப்போதுள்ள எல்.இ.டி.யில் குளிர்தான் காயலாம். குழந்தைக்குப் பால் சூடாக்கும் மின்கருவி அளவான சூட்டை அப்படியே பிடித்து வைக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் மேடையில் ஒரு பிளக் பாயின்ட்டுக்கு எத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்த யாரும் பால் பாட்டில் கருவியோடு போய் நிற்க மாட்டார்கள்.

குழவியையே மாற்றிவிட்டால்? எங்களைப் போலவே தந்திமேல் வழுக்கி வாசிக்கும் சித்திரவீணைக்காரர்கள் கருங்காலிக் கட்டையில் வாசித்தார்கள், இப்போது டெஃப்லானிலும் வாசிக்கிறார்கள். மரமும் டெஃப்லானும் கையில் சில்லிடாது, கண்ணாடிகூட எஃகைவிடச் சாது. கருங்காலித் துண்டு ஒன்றைக் கடைந்து வாங்கி வாசித்தும் பார்த்தேன். கைக்கு எவ்வளவு சுகமோ அவ்வளவுக்கு நாதம் குறைந்தது. எடை இல்லாததால் எஃகுத் தந்தியின் ரீங்காரம் நிற்காமல் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. சித்திரவீணையின் குரலுக்கு அது பொருத்தம். மெல்லிசைக் குழுவில் கீபோர்டும் டிரம்ஸும் மேலே ஏறி நிற்கும்போது எடுபடாது. சூட்டுக்காக நாதத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆக, மதுரைக்குள் நான் மடியோடு நின்றுவிட்டேன். ஏசி மண்டபமானாலும் திடலானாலும் இதேதான். ஒலி சரிபார்த்ததும் குழவியை ஸ்டூலில் வைப்பதை நிறுத்தினேன், சுங்குடித் துணியில் சுற்றி இடுப்புக்குப் போய்விடும். அதை ஆறவே விடாததால் சூடேற்றும் வேலையும் இல்லை, நீரும் பூப்பதில்லை. ஏசி வேனில் வந்து இறங்கும் மழைக்காலக் கச்சேரிக்குக்கூட இது போதும்.

கொடைக்கானலுக்கு மட்டும் இது செல்லாது. வருடம் ஒருமுறை கிறிஸ்துமஸை ஒட்டி அங்கே ஓர் ஆராதனைக்கு வாசிக்கப் போவோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போதே ஸ்வெட்டர் வெளியே வரும். டிசம்பர் இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அங்கே சாதாரணம், அந்தக் குளிரில் உடம்புச் சூட்டைக் குழவிக்குக் கொடுத்தால் உடம்புக்கு மிச்சமில்லை. அங்கே அரிசி முடிப்புதான். தங்கும் வீட்டு அடுப்பில் வறுத்து முடிந்து, ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போனால் முதல் பாடல் வரைக்கும் தாங்குகிறது. ஒரே இடைஞ்சல், முடிப்பை வெளியே எடுத்ததும் குழவி என்று பெயர் வைத்த கீபோர்டுக்காரர் முந்திக்கொண்டு இரண்டு கையையும் அதற்குள் விட்டுவிடுகிறார்.