இணைய வகுப்பா, பத்து நாள் முகாமா?

செங்கோட்டை, புளியரைப் பக்கத்துப் பிள்ளைகள் பௌத்தத்தையும் தியானத்தையும் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். இணைய வகுப்பில், துன்பத்தைப் பற்றிப் புத்தர் சொன்ன நான்கு உண்மைகள், அதிலிருந்து விடுபட அவர் காட்டிய எண்வழிப் பாதை எல்லாம் நிதானமாகப் புரியும். ஆனால் கையிலிருக்கும் போன் உட்கார விடாது.

மலை தாண்டி, கேரளத்தில் செங்கன்னூர் பக்கம் உள்ள தம்ம கேதன விபாசனா (உள்ளதை உள்ளபடி கவனிக்கும் தியானம்) மையத்தின் பத்து நாள் முகாம் வேறு ரகம். போனை ஒப்படைக்க வேண்டும், பேச்சு கிடையாது, காலை 4 மணிக்கே மணி அடிக்கும். முதல் மூன்று நாள் மூக்கு வாசலில் மூச்சைக் கவனிப்பதுதான் வேலை. முட்டி வலிக்கும், மனசு வீட்டுக்கு ஓடும். மாலையில் பழமும் தேநீரும்தான். கட்டணம் இல்லை, முகாம் முடித்தவர்களின் நன்கொடையில் நடக்கிறது.

போகவர 12 நாள் விடுப்பு கிடைக்குமா? சரி, முகாமுக்கே போங்கள். கிடைக்காதவர்கள் இணையத்தில் தொடங்கி, தினமும் கால் மணி நேரமாவது உட்காருங்கள்.