விக்டோரியா பார்க்கா, ஹோட்டன் சமவெளியா, நம்ம தேயிலைத் தோட்டமா?

இலங்கை மலையகத்தில் குருவி பார்க்கத் தொடங்குகிற யாரும் முதலில் கேட்பது ஹோட்டன் சமவெளிக்கு எப்படிப் போவது என்றுதான். என்னைக் கேட்டால் அதைக் கடைசிக்கு வையுங்கள். கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் காசும் மட்டும் இருந்தால், அதுவும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் என்றால், நேராக நுவரெலியா டவுனில் இறங்கி விக்டோரியா பார்க்குக்குள் போய்விடுங்கள்.

டவுனுக்கு நடுவில் இருக்கிற பூங்காவில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காஷ்மீர் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே இறங்குகிற காஷ்மீர் ஈப்பிடிப்பானைப் பார்க்கவே வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி இந்தப் பூங்காவுக்கு வருகிறார்கள். ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கரை. வாலை வெடுக்கென்று தூக்கும்போது வால் தொடங்குகிற இடத்தில் இரு ஓரமும் வெள்ளை தெரியும், இலைக்குள் இருக்கிறதை அந்த வெள்ளையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் ஆறுமணிக்குருவியும் சருகைப் புரட்டித் தின்பவை, அதனால் அவற்றைத் தேட வேண்டியது பூப்பாத்தியில் அல்ல, பூங்காவுக்குள் ஓடும் அந்த அழுக்கு ஓடையின் கரையில்.

இதனால் நடக்கிற கூத்து எனக்கு ரொம்பப் பிடிக்கும். புதுமண ஜோடிகள் பூவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நாலைந்து பேர் அத்தனை பூவுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு யோகட் கோப்பை மிதக்கிற தண்ணீரை பைனாகுலரில் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "என்ன தேடுறீங்க, ஏதும் விழுந்துருச்சா?" என்று யாராவது ஒருவர் அக்கறையாக வந்து கேட்பார், கூடவே நின்று தேடவும் செய்வார். அந்த நேரத்தில் பச்சை முதுகும் நீலத் தோளும் அடிவயிற்றுச் சிவப்புமாக ஆறுமணிக்குருவி ஒன்று கரையில் தத்தி வந்தால், கேட்டவரும் அன்றைக்கு வேலையை மறந்து அங்கேயே நின்றுவிடுவார்.

ஹோட்டன் சமவெளி வேறு கணக்கு. சுமார் 2,100 மீற்றர் உயரம், 1988 முதல் தேசியப் பூங்கா, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. ஆனால் வாசல் வரை போய்ச் சேர்வதே சிரமம். ரயிலில் ஒஹியவில் இறங்கினால் பத்து கிலோமீற்றருக்கு மேல் ஏற்றம், இல்லாவிட்டால் நுவரெலியாவிலிருந்து விடியுமுன் வேன். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், அது நல்ல வேலை, ஆகவே ரொட்டியையும் சம்பலையும் டப்பாவில் கொண்டுபோங்கள், இல்லையென்றால் அந்தக் குளிரில் விறைத்த விரலோடு சம்பலைத் தாளுக்கு மாற்ற வேண்டி வரும். வாகனம் நிறுத்துகிற இடத்தில் மனிதர் கையில் தின்று பழகிய மரைகள் என்கிற பெரிய மான்கள் வேன் கதவு திறந்திருந்தால் தலையை உள்ளே நீட்டும். தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் மூடுபனி. கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் மறுபடி மூடிக்கொள்ளும். அவ்வளவையும் தாண்டிப் போவதற்கு ஒரே காரணம் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவிதான். இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, ஆணுக்குக் கருநீல உடம்பில் தோள் மட்டும் மின்னும் நீலம். விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும்தான் பெரும்பாலும் வெளியே வரும், ஆகவே எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது கிடைப்பது அரிது. முதல் நாள் இரவே பட்டிப்பொல பக்கம் தங்க முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் காசைச் சேர்த்து வையுங்கள். மஞ்சள் காது புல்புல், இலங்கை வெள்ளைக்கண்ணி மாதிரி மற்ற மலைக்காட்டுக் குருவிகளுக்கு ஹக்கல பூங்கா போதும், நுவரெலியாவிலிருந்து போகும் வெலிமடை பஸ் வாசலிலேயே இறக்கிவிடும்.

இந்த இரண்டையும்விட எனக்கு நெருக்கமானது தோட்டம். டிக்கட் இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்கு முன்னால் ஒரு சுற்று நடந்தாலே குக்குறுவான் கத்தத் தொடங்கியிருக்கும். குளிர்காலத்துக்கு வந்து சேர்கிற சாம்பல் வாலாட்டி, தேயிலை மலைக் கானில், அதாவது வடிகாலில், தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து, வாலை ஆட்டி ஆட்டி நமக்கு முன்னால் ஓடும், பக்கத்தில் போனால் கொஞ்சம் பறந்து மறுபடி அதே கானில் இறங்கும்.

ஆனால் இங்கே இருக்கிற சிக்கல் பூங்காவில் இல்லாதது. கையில் பைனாகுலரும் நோட்டுப் புத்தகமும் இருந்தால் தோட்டத்தில் நீங்கள் காணி அளக்க வந்தவர்தான். "தம்பி, எங்க லயத்துக்கு எப்ப வீடு? 7 பேர்ச்சா, 10 பேர்ச்சா?" என்று வீட்டுக்குத் தரும் காணியின் அளவை ஒரு அக்கா கேட்க, அடுத்த நிமிடமே லயம் என்கிற வரிசை வீடுகளின் இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், எல்லாரும் கூடிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தக் காணி இல்லாமல் காத்திருப்பவர்களிடம் குருவி பார்க்க வந்தேன் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. அதனால் லயத்துப் பக்கமும் குளிக்கிற பீலிப் பக்கமும் பைனாகுலரைத் திருப்பாமல், போன உடனேயே விஷயத்தைச் சொல்லி, அவர்கள் கண்ணிலேயே முதலில் வைத்துக் காட்டிவிடுங்கள். கொழுந்தெடுக்கிற அக்காமாருக்கு எந்த மலையில் எந்தக் குருவி கூடு கட்டும், எந்த மரத்தில் குளவிக் கூடு இருக்கிறது என்று அத்துபடி, அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறவருக்கு அந்த இரண்டாவது விஷயம் உயிர் காக்கும்.

ஏப்ரலில் மட்டும் பார்க்கைக் கணக்கில் எடுக்காதீர்கள். நுவரெலியா சீசன் கூட்டம் உள்ளே நிறையும்போது காஷ்மீர்க்காரர்கள் அநேகமாகக் கிளம்பியிருப்பார்கள். அந்த மாதம் தோட்டந்தான்.