ஆறு உடல்களில் ஒரு பாடகர்

டாட் ஹெய்ன்ஸ் இயக்கி 2007இல் வெளிவந்த ‘ஐ'ம் நாட் தேர்’ அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் வாழ்க்கையிலிருந்து பிறந்த படம். ஆனால் டிலன் என்ற பெயரில் அதில் ஒரு பாத்திரம்கூட இல்லை. வேறு வேறு பெயர்களில் ஆறு பேர் வருகிறார்கள். அவர்களுள் ஒருவன் பதினொரு வயதுக் கறுப்பினச் சிறுவன். இன்னொருவரின் வேடத்தை ஏற்றிருப்பவர் ஒரு நடிகை. கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களை இந்த உத்தி மிரட்டாது.

சரக்கு ரயிலில் ஏறித் திரியும் அந்தச் சிறுவன், 1959இல் இருந்துகொண்டு 1930களின் துயரங்களைப் பாடுகிறான். அவனுக்குச் சோறிட்ட பெண்மணி, உன் காலத்தைப் பாடு என்று கடிந்துகொள்கிறார். மினசோட்டாவில் ராபர்ட் சிம்மர்மனாகப் பிறந்த டிலன், மூத்த நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் பாணியை இரவல் வாங்கிக்கொண்டு நியூயார்க் வந்து சேர்ந்த வரலாறு முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகிறது.

படத்தின் உயிர் நடிகை கேட் பிளான்செட் ஏற்றிருக்கும் ஜூட் குவின் என்ற பாத்திரம்தான். 1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் டிலன் மரபான கிதாரை விட்டு மின்கிதாருடன் மேடையேறியதைத் துரோகமாகவே கருதிய ரசிகர்கள் உண்டு. அந்த நிகழ்வைக் காட்ட வரும் ஹெய்ன்ஸ், ஜூட்டின் குழுவினர் பெட்டிகளைத் திறந்து இயந்திரத் துப்பாக்கிகளை எடுத்துக் கூட்டத்தை நோக்கிச் சுடுவதாகவே படமாக்கிவிடுகிறார். கறுப்பு வெள்ளையில் நகரும் இப்பகுதியில், கறுப்புக் கண்ணாடியும் கலைந்த தலையுமாக, செய்தியாளரின் கேள்விக்குக் கேள்வியையே திருப்பி வீசும் பிளான்செட்டைப் பார்க்கையில், ஆண் வேடமிட்ட பெண் என்ற நினைவே சில நிமிடங்களில் அகன்றுவிடுகிறது. வெனிஸ் விழாவில் அவருக்குக் கிடைத்த சிறந்த நடிகை விருது சற்றும் மிகையன்று.

ஹீத் லெட்ஜர் நடித்த மணமுறிவுப் பகுதி நன்றாகவே இருக்கிறது. ரிச்சர்ட் கியர் தலைமறைவுக் கொள்ளையனாக வரும் பகுதிதான் சோதிக்கிறது. 1966 மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் டிலன் ஒதுங்கி வாழ்ந்ததை அது குறிப்பாலுணர்த்துவது புரிந்தாலும், சிற்றூர்த் தெருவில் ஒட்டகச்சிவிங்கி நடந்து போகும்போது, இயக்குநர் தன் விளையாட்டில் தானே மயங்கிவிட்டார் என்றே பட்டது.

டிலனின் பாடல்களை அறியாதவர்கள் 135 நிமிடங்களும் திசை தெரியாமல் தவிக்கக்கூடும். அவருடைய அறுபதுகளின் இசைத்தட்டுகளில் இரண்டு மூன்றையாவது கேட்டுவிட்டு அமர்வது நல்லது. இறுதியில் உண்மையான டிலன் ஹார்மோனிகா வாசிக்கும் பழைய படத்துண்டு ஒன்று வருகிறது. ஆறு பேரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அவருடைய சொந்த முகமும் ஏழாவது வேடமாகவே தெரிந்தது.