தேதி பார்த்துச் சாப்பிடுவதா, பயிற்சி பார்த்துச் சாப்பிடுவதா?

விளையாட்டு வீராங்கனைகளுக்கு இப்போது இரண்டு வகைச் சாப்பாட்டு அட்டவணைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று மாதவிடாய்த் தேதியை வைத்து மாறுவது: முதல் 14 நாள் ஆளிவிதை, பூசணி விதை, பிறகு எள், சூரியகாந்தி விதை. மற்றது அன்றன்றைய பயிற்சியை வைத்து மாறுவது.

தேதிக் கட்சி சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. கருமுட்டை வெளியான பிறகு உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். சிலருக்குப் பசி கூடும். ஆனால் கடும் பயிற்சி நாளுக்கும் ஓய்வு நாளுக்கும் ஆகும் ஆற்றல் செலவின் வித்தியாசத்தோடு பார்த்தால் இதெல்லாம் சில்லறை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே கிலோவில் பதக்கத்தைத் தவறவிட்ட பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு, அன்று தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்றும் உடல் சற்றுத் தளர்ந்திருந்தது என்றும் சொன்னார். அந்தத் தளர்ச்சி நிஜம்தான். அதை விதைகள் போக்கும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

சரி, கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு? ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை கருமுட்டை வெளியாவதையே தடுக்கிறது. ஆகவே தேதி அட்டவணைக்கு அங்கே வேலையே இல்லை. பயிற்சி அட்டவணை அப்படியே பொருந்தும். ஆனால் இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் உடல் மாதவிடாயை நிறுத்திவிடலாம்; சாப்பாடு போதவில்லை என்பதற்கு அதுதான் அறிகுறி. பயிற்சிச் செலவு போக, கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 கிலோகலோரி மிஞ்சினால் நிம்மதி. 30க்குக் கீழே போனால் ஆபத்து என்பது பொதுவான கணக்கு. மாத்திரைக்காரருக்கோ, அரைவயிறாகக் கிடந்தாலும் மாதம் தவறாமல் இரத்தப்போக்கு வரும். அது ஹார்மோனை ஒரு வாரம் நிறுத்துவதால் வருவது, சுழற்சி நன்றாக இருப்பதால் அல்ல. அமெரிக்க ஓட்டக்காரர் மேரி கெய்ன், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்று ஐந்து எலும்புகள் முறிந்ததாக 2019இல் வெளியே சொன்னார். நின்றுபோன மாதவிடாயை மாத்திரையால் வரவைத்தால் எலும்பு பிழைக்காது. தட்டில் சோறு அதிகமாக வேண்டும்.

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டியில் ஹார்மோன் இல்லை, அதனால் சுழற்சி மறையாது. ஆனால் பலருக்கு இரத்தப்போக்கு அதிகமாகும். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. காப்பர் டி போட்டவர் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும், சாப்பாட்டோடு டீ குடிப்பதையும் விட வேண்டும். ஹார்மோன் வெளிவிடும் கருப்பைச் சாதனம் இதற்கு நேர் எதிர்: போக்கு குறையும், இரும்புச்சத்து தங்கும். அரசின் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் உள்ள 28 மாத்திரைகளில் 7 இரும்புச்சத்து மாத்திரைகள். நல்ல யோசனை, ஆனால் உணவுக்கு மாற்று அல்ல.

அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் போடும் மூன்று மாதக் கருத்தடை ஊசியில் மாதவிடாய் நின்றுபோவது சகஜம், எனவே அந்த அறிகுறியும் போய்விடும். போதாததற்கு, ஊசி போடும் காலத்தில் எலும்பு அடர்த்தியும் குறைகிறது. ஏற்கெனவே எலும்பில் விரிசல் கண்ட மெலிந்த ஓட்டக்காரர் என்றால் என் வரிசையில் இதற்குக் கடைசி இடம்தான். முடிவு மருத்துவரிடம் பேசி எடுக்க வேண்டியது.