ஹாலோவீன் இரவுக்கு எட்டுப் பேய்க் கதைகள்

ஹாலோவீனுக்கு எந்தப் புத்தகத்தை வாசிக்கலாம் என்று அக்டோபர் பிறந்ததும் நண்பர்கள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் பெருவிழா; அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். ஆகவே நாம் தேடுவது ஓர் இரவுக்கான புத்தகம் என்பதை அவர்களுக்கு முதலில் நினைவூட்டுவேன். இரவு உணவுக்குப் பின் உட்கார்ந்தால், தூங்கப் போவதற்குள் கதை தொடங்கி, வளர்ந்து, முடிந்துவிட வேண்டும். பாதியில் மூடிவைத்து மறுநாள் அலுவலகத்துக்குப் போகும் வழியில் தொடரும் பேய்க் கதை, எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அந்த இரவுக்கு உரியது ஆகாது. இந்த எண்ணத்தோடு அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் என் கை முதலில் எடுப்பது, எம். ஆர். ஜேம்ஸ் எழுதி 1904ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோஸ்ட் ஸ்டோரீஸ் ஆஃப் ஆன் ஆன்டிக்வரி’ என்ற எட்டுக் கதைகளின் தொகுப்பைத்தான்.

ஜேம்ஸ் (1862–1936) கேம்பிரிட்ஜில் இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளை ஆராய்ந்து அட்டவணைப்படுத்திய பெரும் அறிஞர். ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தின் இயக்குநராகவும், கிங்ஸ் கல்லூரியின் தலைவராகவும், பின்னர் ஈட்டன் பள்ளியின் தலைவராகவும் இருந்தவர். தொகுப்பின் முதல் இரண்டு கதைகளை அவர் 1893 அக்டோபர் 28 அன்று, அதாவது ஹாலோவீனுக்கு மூன்று நாள் முன்னதாக, ‘சிட்சாட் சொசைட்டி’ என்ற கேம்பிரிட்ஜ் நண்பர் குழாத்தில் வாசித்துக் காட்டினார். பிற்பாடு கிறிஸ்துமஸ் காலத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நண்பர்களுக்குக் கதை வாசிப்பது அவருக்கு வழக்கமாயிற்று. காதால் கேட்பதற்காகப் பிறந்த கதைகள் என்பதால், இவற்றை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்கும்போதுதான் இவற்றின் முழு வலிமையும் தெரிகிறது. தனியாக வாசித்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று வைத்துவிட்டவர்கள்கூட, மறுமுறை கேட்டபோது மனம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய கைவண்ணத்தைக் காண ‘தி மெசொடின்ட்’ கதை ஒன்றே போதும். ஒரு விற்பனையாளரின் பட்டியலில் 978ஆம் எண்ணில், பதினைந்துக்குப் பத்து அங்குல அளவில், கறுப்புச் சட்டமிட்ட ஒரு பழைய அச்சுப்படம் இரண்டு பவுண்டு இரண்டு ஷில்லிங் விலைக்கு வருகிறது. ஒரு மாளிகையின் முகப்பும் அதன் முன்னால் புல்வெளியும் மட்டுமே உள்ள, விலைக்குத் தகுதியற்ற சாதாரணப் படம் என்று அதை வரவழைத்த அருங்காட்சியகக்காரர் நினைக்கிறார். மாலையில் பார்க்கும்போது படத்தின் விளிம்பில் ஒரு தலையின் மேற்பகுதி தெரிகிறது. இரவில் மறுபடி பார்க்கும்போது, முதுகில் வெள்ளைச் சிலுவை பொறித்த கறுப்பு ஆடை போர்த்திய உருவம் ஒன்று புல்வெளியின் நடுவே நான்கு காலில் ஊர்ந்து வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அது நகர்வதை ஒருவரும் கண்ணால் காண்பதில்லை. பார்க்காத நேரத்தில் மட்டுமே படம் மாறுகிறது. அளவையும் விலையையும் கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு சொல்லிக்கொண்டே வந்து, அதே நிதானமான குரலில் நடக்கக்கூடாத ஒன்றைச் சொல்லும்போது, நம்பாமல் இருக்க வாசகருக்கு வழியில்லாமல் போகிறது. இந்தக் கதையை வாசித்து முடிக்க அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்.

தொகுப்பின் சிகரம் என்று நான் கருதுவது ‘ஓ, விசில், அண்ட் ஐல் கம் டு யூ, மை லாட்’ என்ற கதை. ஆவிகளைச் சற்றும் நம்பாத பேராசிரியர் பார்க்கின்ஸ், கிழக்குக் கரையோர ஊர் ஒன்றில் கோல்ஃப் விளையாடப் போகிறார். விடுதியில் அவருக்குக் கிடைப்பது இரண்டு கட்டில் போட்ட அறை. டெம்ப்ளர் துறவிப் படையினரின் இடிபாட்டிலிருந்து ஒரு பழைய உலோக ஊதலை எடுத்துவந்து அதை ஊதிப் பார்க்கிறார், உடனே காற்று எழும்புகிறது. மறுநாள் காலையில், ஒருவரும் படுக்காத அந்த இரண்டாவது கட்டிலின் விரிப்பு யாரோ புரண்டு படுத்ததுபோல் கசங்கிக் கிடக்கிறது என்று பணிப்பெண் சொல்கிறாள். அதற்குமேல் நான் சொல்லப் போவதில்லை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரம் இதை வாசித்தேன். பதினைந்து வயதான என் அண்ணன் மகள் அன்றிரவு தன் அறையில் ஆளில்லாமல் கிடந்த கட்டிலின் விரிப்பை உருவி மடித்து, அலமாரிக்குள் வைத்த பிறகுதான் படுத்தாள்.

நம் பேச்சில் பேய் என்றால் ஆசை தீராமல் அலையும் ஆவி என்றே பெரும்பாலும் நினைக்கிறோம். ஜேம்ஸின் பேய்களுக்கு மயிர் உண்டு, தோல் உண்டு, தொட்டால் தெரியும் உடல் உண்டு. முதல் கதையில் மேசையருகே அமர்ந்து பழைய ஏட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர், தன் இடது முழங்கைப் பக்கத்தில் கிடக்கும் கறுப்பான பொருளைப் பேனா துடைக்கும் துணி என்றும், எலி என்றும், பெரிய சிலந்தி என்றும் மாற்றி மாற்றி நினைத்து, கடைசியில் அது ஒரு கை என்று உணரும் அந்தச் சில வரிகளை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

குறைகளும் உண்டு. ‘தி ட்ரெஷர் ஆஃப் ஆபட் தாமஸ்’ நீண்ட லத்தீன் பத்தியோடு தொடங்கி, எழுத்துப் புதிருக்குள் நெடுநேரம் சுற்றுவதால் உரக்க வாசிப்பதற்கு ஏற்றதன்று. ‘லாஸ்ட் ஹார்ட்ஸ்’ குழந்தைகளுக்கு நேரும் கொடுமையைச் சொல்வதால், சிறுவர் இருக்கும் அறையில் அதை நான் எடுப்பதில்லை. சிலந்தி என்றால் நடுங்குபவர்கள் ‘தி ஆஷ்-ட்ரீ’ பக்கம் போக வேண்டாம். மணமாகாத அறிஞர்களே திரும்பத் திரும்ப நாயகர்களாக வருவதும், பெண்கள் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்பதும் இன்றைய வாசகருக்கு உறுத்தவே செய்யும்.

நாவல்தான் வேண்டும் என்பவர்கள் இப்போதே தொடங்க வேண்டும். நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆன ‘டிராகுலா’ (1897) மே 3 அன்று தொடங்கி நவம்பர் வரை நீள்கிறது. அக்டோபர் 31ஆம் தேதிக்கும் அதில் ஒரு குறிப்பு இருப்பதால், அந்தந்தத் தேதிக்குரிய பக்கங்களை அந்தந்த நாளில் வாசிப்பது அழகான வழி, ஆனால் அதற்கு ஆண்டின் நடுவிலேயே ஆயத்தமாக வேண்டும். ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ (1959) ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். பேயைவிட நாயகி எலனரின் தனிமையே அதில் நம்மைக் கலங்க வைக்கிறது. தனியாக வாசிப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது அதைத்தான். ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ (1898) அளவில் சிறியது என்றாலும் அதன் வாக்கியங்கள் கிளைவிட்டுக்கொண்டே போவதால், களைத்துப் போயிருக்கும் இரவுக்கு அது வேண்டாம்.

பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. எம். ஆர். ஜேம்ஸின் கதைகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கிறார்கள். முதன்முதலில் நான் இணையத்தில் விலை மலிவாக இருக்கிறதென்று வாங்கிய படியில், ‘ஓ, விசில்’ கதையில் வரும் ஊதலின் ஒரு பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக அமைய வேண்டிய ஃபூர், ஃப்லா, பிஸ், ஃப்லே என்ற நான்கு அசைகள் ஒரே வரியில் குவிந்து கிடந்தன. பேராசிரியரோடு சேர்ந்து வாசகரும் அவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதானே அந்த அமைப்பின் நோக்கம்! மறுபக்கத்து லத்தீன் வரிக்கு ‘வருகிற இவன் யார்?’ என்பது பொருள்; அதிலும் எழுத்துப் பிழை இருந்தது. ஜேம்ஸின் நண்பர் ஜேம்ஸ் மக்பிரைடு வரைந்த நான்கு படங்களும் அந்தப் படியில் இல்லை. மக்பிரைடு பணியை முடிக்காமலே 1904இல் இறந்துவிட்டார். அவர் நினைவாகவே இந்தத் தொகுப்பு வெளிவந்தது என்பது தெரிந்தால், படங்களை நீக்குவது எவ்வளவு பெரிய குறை என்பது விளங்கும்.

பணம் செலவிட விருப்பமில்லையென்றால் காப்புரிமை முடிந்த நூல்களைத் தரும் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால், எஸ். டி. ஜோஷி பதிப்பித்த பெங்குவின் கிளாசிக்ஸ் வெளியீடான ‘கவுன்ட் மேக்னஸ் அண்ட் அதர் கோஸ்ட் ஸ்டோரீஸ்’ (2005) தொகுப்பை வாங்குங்கள். தேவாலயப் பதவிப் பெயர்களுக்கும் லத்தீனுக்கும் அதிலுள்ள குறிப்புகள், ஆங்கிலத் திருச்சபையோடு பழக்கமில்லாத நமக்கு மிகவும் உதவும். இந்த அக்டோபர் 31 அன்று நான் முதலில் ‘தி மெசொடின்ட்’ கதையையும், தேநீருக்குப் பிறகு, கல்லறைப் பேழையின் மூன்று பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் ‘கவுன்ட் மேக்னஸ்’ கதையையும் வாசிக்கப் போகிறேன்.